கடன் நின்றது, தேர்வெழுத விடவில்லை: கல்லூரியில் ஒரு சிக்கல் நான்காகப் பெருகும் கணக்கு

ஒவ்வொரு செமஸ்டரும் பாதி தாண்டியதும் தோட்டப்புற வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான கேள்விகள் சுற்றத் தொடங்கும். பி.டி.பி.டி.என். (மலேசிய அரசின் உயர்கல்விக் கடன் நிதி) பணம் ஏன் இன்னும் ஏறவில்லை? பையனைத் தேர்வெழுத விடமாட்டார்களாமே, அது எப்படி? "சூராட் துஞ்சுக் செபாப்" என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது, அது போலீஸ் கேஸா? கேட்பவர் அப்பாவோ அம்மாவோ. பதில் சொல்பவர் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய மாமா. அவர் சொல்லும் பதில்களும் இரண்டுதான்: "நம்ம பிள்ளைங்கன்னா இப்படித்தான் செய்வாங்க", "ஒய்.பி.யைப் போய்ப் பாருங்க".

ஒய்.பி.யை, அதாவது சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்க வேண்டிய விவகாரங்களும் இருக்கின்றன. இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மேலே உள்ள மூன்றும் தனித்தனி விவகாரங்கள் அல்ல. பெரும்பாலும் ஒரே சிக்கல்தான் மூன்று மேசைகளில் மூன்று பெயரில் பதிவாகியிருக்கும். முதல் மேசையில் ஒரு விண்ணப்பப் பாரத்தோடு முடிந்திருக்க வேண்டியது, நான்காவது மேசைக்கு வரும்போது படிப்பையே நிறுத்தும் கடிதமாகிவிடுகிறது. எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பேரா மாநிலத்தின் தஞ்சோங் மாலிம், பேராங், சிலிம் ரிவர் வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் உயர்கல்விக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் தஞ்சோங் மாலிம் டவுனிலேயே இருக்கிறது. பேராங்கில் சுல்தான் அஸ்லான் ஷா பாலிடெக்னிக். கொமுட்டர் ரயிலில் ஏறினால் கோலாலம்பூர் கல்லூரிகள். கட்டடம் பக்கத்தில் இருப்பது வேறு, உள்ளே எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று தெரிவது வேறு. அண்ணனோ அக்காளோ முன்பே படித்த வீட்டில் இந்த விவரம் சாப்பாட்டு மேசையில் கிடைத்துவிடும். லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

எந்த மேசையில் என்ன வேலை

பெயர்கள் கல்விக்கூடத்துக்குக் கல்விக்கூடம் சற்று மாறும். வேலை மாறாது.

1. பெனாசிஹாட் அகாடெமிக். சுருக்கமாக பி.ஏ. என்பார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் குறித்து ஒதுக்கப்பட்ட விரிவுரையாளர். பாடம் பதிவு செய்ய, கைவிட, செமஸ்டரைத் தள்ளிவைக்க என்று எதற்கும் முதல் கையெழுத்து பெரும்பாலும் இவருடையது. தன் பி.ஏ. யார் என்பதே இரண்டாம் ஆண்டு வரை தெரியாமல் இருக்கும் மாணவர்கள் ஏராளம்.

2. எச்.இ.பி. மாணவர் நலப் பிரிவு. விடுதி, ஒழுங்கு நடவடிக்கை, அவசர உதவி நிதி ஆகியவை இங்கே. பி.டி.பி.டி.என். விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரியும் பல இடங்களில் இந்தப் பிரிவில்தான் உட்கார்ந்திருப்பார்.

3. அகாடெமிக் பிரிவும் தேர்வுப் பிரிவும். பதிவு, வருகைக் கணக்கு, தேர்வுத் தடை, புள்ளிகள், படிப்பைத் தள்ளிவைத்தல்.

4. பெண்டஹாரி. கட்டணம் கட்டும் இடம். தவணைக்கு விண்ணப்பிப்பதும் இங்கேதான். கட்டணம் பாக்கியிருந்தால் தேர்வு முடிவைப் பார்க்க முடியாதபடி கணினியில் பூட்டுவதும் இவர்கள்தான்.

5. கவுன்சலிங் பிரிவு. இதைக் கடைசியில் விரிவாகப் பார்க்கலாம்.

இந்த ஐந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பதுதான் முக்கியம். எச்.இ.பி.யில் அழுதுவிட்டு வந்த விஷயம் தேர்வுப் பிரிவுக்குத் தெரியாது. விரிவுரையாளரிடம் வாயால் சொன்னது பெண்டஹாரியின் கணினியில் ஏறாது. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போவது காகிதம் மட்டும்தான். அதைச் சுமந்து போக வேண்டியவர் மாணவர்.

சிக்கல் நகரும் வழி

1. முதலில் பணம். கடனின் முதல் தவணை வருவதற்குள் கையிருப்பு தீர்கிறது.

2. மாணவர் வார இறுதி வேலைக்குப் போகிறார். சில வாரத்தில் அது வெள்ளி இரவுக்கும் திங்கள் காலைக்கும் நீள்கிறது.

3. திங்கள் காலை எட்டு மணி வகுப்பு தவறுகிறது. வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குகிறது. அந்தப் பாடத்தின் இறுதித் தேர்வுக்குத் தடை.

4. அந்தப் பாடத்தில் எஃப். செமஸ்டர் புள்ளிச் சராசரி 2.00-க்குக் கீழே போகிறது.

5. சராசரி 2.00-க்குக் கீழே போனதால் பி.டி.பி.டி.என். அடுத்த தவணையை நிறுத்திவைக்கிறது. முதலில் இருந்த பணச் சிக்கல் இப்போது இரு மடங்கு.

வட்டம் முழுமையாகிவிட்டது. வீட்டுக்குத் தெரிய வருவது ஐந்தாவது கட்டத்தில்தான். அதனால்தான் "நல்லாத்தானே படிச்சிக்கிட்டிருந்தான், திடீர்னு கடனை நிறுத்திட்டாங்க" என்று தோன்றுகிறது.

ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணி நேரம்

மலேசியத் தகுதி நிர்ணய வாரியமான எம்.கியூ.ஏ.வின் கணக்கில் 1 கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, டுட்டோரியல், இடுபணி, தனியாகப் படிப்பது, தேர்வு எழுதுவது எல்லாம் சேர்த்துத்தான் இந்த 40. ஆகவே 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். பாடம் நடக்கும் 14 வாரங்களோடு படிப்பு விடுப்பும் தேர்வு வாரங்களும் சேர்ந்து ஏறக்குறைய 17 வாரங்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பாடத்துக்கு வாரம் 7 மணி நேரம். அப்படி ஆறு பாடங்கள், அதாவது 18 கிரெடிட் எடுத்தவருக்கு வாரம் 42 மணி நேரம். ஒரு முழுநேர வேலைக்குச் சமம்.

கால அட்டவணையில் வகுப்பு நேரம் மட்டும்தான் தெரியும். வாரத்துக்கு இருபது மணி நேரம் போல ஏதோ இருக்கும், மீதியெல்லாம் காலியாகத் தோன்றும். அந்தக் காலியை நம்பித்தான் சனி, ஞாயிறு பத்து மணி நேர வேலையை ஒப்புக்கொள்கிறார்கள். 42-உடன் 20 சேர்ந்தால் 62. சிலிம் ரிவரிலிருந்து மோட்டாரில் போய் வருபவருக்கு ரோட்டில் கழியும் நேரம் தனி. இது ஐந்து வாரம் தாங்கும். ஆறாவது வாரத்தில் இடைத்தேர்வு வரும்போது தாங்காது.

வேலைக்கே போகாதே என்று சொல்வதற்கு இதை எழுதவில்லை. போக வேண்டிய வீடுகள் இருக்கின்றன. அப்படியானால் அந்த செமஸ்டரில் குறைந்தபட்ச கிரெடிட்டை மட்டும் எடுக்க முடியுமா என்று முதல் இரண்டு வாரத்துக்குள் பி.ஏ.விடம் கேட்க வேண்டும். பாடங்களைச் சேர்க்கவும் கைவிடவும் பெரும்பாலும் அந்த இரண்டு வாரம்தான் கதவு திறந்திருக்கும். அதற்குள் கைவிட்ட பாடம் பதிவிலேயே இருக்காது. அதற்குப் பின் விலகினால் பல பல்கலைக்கழகங்களில் டபிள்யூ என்று பதிவாகும், சராசரியில் சேராது. விலகுவதற்கான கடைசி நாளும் தாண்டி, வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டால் எஃப். கைவிடுவதாக விரிவுரையாளரிடம் சொல்லியிருந்தாலும் பாரம் போகாதவரை அது எஃப்தான்.

80 விழுக்காடு, அதாவது ஐந்து நாள்

வருகை 80 விழுக்காடு இருந்தால்தான் இறுதித் தேர்வு என்பது நம் நாட்டுக் கல்விக்கூடங்கள் பலவற்றில் உள்ள விதி. 80 என்று கேட்டால் தாராளமாகத் தெரியும். எண்ணிப் பாருங்கள். வாரம் இரண்டு வகுப்பு, 14 வாரம், மொத்தம் 28 வகுப்பு. அதில் 20 விழுக்காடு 5.6. ஐந்து வகுப்பு தவறினால் 82 விழுக்காடு, தேர்வெழுதலாம். ஆறாவது தவறினால் 78.6, தடை. வாரத்துக்கு ஒரே ஒரு நீண்ட வகுப்பு உள்ள பாடமானால் இன்னும் மோசம்: 14-இல் இரண்டுதான் தவறலாம்.

எச்சரிக்கைக் கடிதங்கள் இடையிலேயே வரும். அவை பெரும்பாலும் மாணவர் மின்னஞ்சலுக்கு வரும். அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. முதல் வாரமே அந்த மின்னஞ்சலைக் கைப்பேசியில் இணைத்துவிடுவது பத்து நிமிட வேலை.

நம்மவர்கள் வழுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ். உடம்பு சரியில்லை என்று கிளினிக்குக் கூடப் போகாமல் விடுதியில் படுத்திருப்பது வருகைக் கணக்கில் வெறும் மட்டம்தான். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். எம்.சி. வாங்கினால் மட்டும் போதாது. கையேட்டில் சொன்ன நாளுக்குள் அந்தந்தப் பாட விரிவுரையாளரிடம் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அசலை ஒருவரிடம் கொடுத்துவிட்டு மற்ற நால்வருக்கும் ஒன்றும் கொடுக்காமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. வாங்கியவுடன் படம் எடுத்துவையுங்கள்.

இரண்டாவது துக்கம். பெற்றோர், உடன்பிறந்தோர் என்றால் விடுப்பு கிடைக்கும். பாட்டி, பெரியப்பா என்றால் பல இடங்களில் விடுப்புப் பட்டியலில் அந்த உறவே இருக்காது. நம் வீடுகளில் பாட்டி வளர்த்த பிள்ளைகள் நிறைய. அடக்கம், எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று மூன்று முறை போய் வந்தால் அந்த ஐந்து நாள் தீர்ந்துவிடும். போவதற்கு முன்பே பி.ஏ.வுக்கு எழுதி, இறப்புச் சான்றிதழின் நகலைப் பின்னர் தருவதாகச் சொல்லி வைத்தால் விதியில் இல்லாத இடத்திலும் சலுகை கிடைக்க வாய்ப்பு உண்டு. திரும்பி வந்து சொன்னால் சாக்காகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது நாள்காட்டி. கெடா, கிளந்தான், திரெங்கானு மூன்றிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். பேராவிலிருந்து குவாலா திரெங்கானுவுக்குப் படிக்கப் போன பிள்ளை, நம் ஊர்ப் பழக்கத்தில் ஞாயிறு மாலை கிளம்பினால் ஒரு நாள் வகுப்பு போய்விட்டது என்று பொருள். தைப்பூசம் பேராவிலும் சிலாங்கூரிலும் பொது விடுமுறை. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் பகாங்கிலும் இல்லை. காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தால் விடுப்பு விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுங்கள்.

2.00 என்ற கோடு

பி.என்.ஜி. என்பது ஒரு செமஸ்டரின் புள்ளிச் சராசரி. பி.என்.ஜி.கே. என்பது தொடக்கத்திலிருந்து இன்று வரையிலான மொத்தச் சராசரி. பாலிடெக்னிக்கில் பி.என்.எம்., எச்.பி.என்.எம். என்பார்கள். பாடத்தின் கிரெடிட்டை அதில் வாங்கிய தரப்புள்ளியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். பொதுவாக ஏ என்றால் 4.00, பி என்றால் 3.00, சி பிளஸ் 2.33, சி 2.00, எஃப் 0.

2.00-க்குக் கீழே இறங்கினால் "கெடுடுக்கான் பெர்ஷாராட்", நிபந்தனை நிலை. வெளியேற்றிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கிடையாது. அடுத்த செமஸ்டரில் எடுக்கும் பாடங்களின் அளவைக் குறைப்பார்கள், கண்காணிப்பில் வைப்பார்கள். மிகவும் கீழே போனாலோ, தொடர்ந்து நிபந்தனை நிலையிலேயே இருந்தாலோதான் நிறுத்துவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் செமஸ்டரில் 16 கிரெடிட், பி.என்.ஜி. 1.80. அதாவது 28.8 புள்ளி. இரண்டாவது செமஸ்டரிலும் 16 கிரெடிட் எடுத்தால், மொத்தச் சராசரி 2.00 ஆக 32 கிரெடிட்டுக்கு 64 புள்ளி வேண்டும். 64-இல் 28.8 போக மீதி 35.2. அதை 16-ஆல் வகுத்தால் 2.20. சி பிளஸ் தரத்துக்கும் சற்றுக் குறைவு. "முடிஞ்சுபோச்சு" என்று மூட்டை கட்டும் பிள்ளைக்கு முதலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

அந்த 1.80-இல் 3 கிரெடிட் எஃப் ஒன்று ஒளிந்திருந்தால் வழி இன்னும் சுலபம். மறுபடி எடுத்த பாடத்தின் புதிய தரம் பழையதை மாற்றிவிடும் கல்விக்கூடங்களில், அதே பாடத்தில் சி பிளஸ் வாங்கினால் 7 புள்ளி கூடும். 35.8-ஐ 16-ஆல் வகுக்க 2.24. புதிதாக எதையும் சாதிக்காமலேயே கோட்டைத் தாண்டியாகிவிட்டது. ஆகவே சறுக்கியவர் முதலில் செய்ய வேண்டியது எஃப் வாங்கிய பாடத்தை மறுபடி எடுப்பதுதான். ஆனால் பலர் அதை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒதுக்கிவிட்டுப் புதுப் பாடங்களை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். அதிலும் ஒரு நுணுக்கம்: சில பாடங்கள் ஒரு செமஸ்டர் விட்டு ஒரு செமஸ்டர்தான் வரும். அடுத்து எப்போது என்று பி.ஏ.விடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"துஞ்சுக் செபாப்" கடிதம் என்பது விளக்கம் கேட்கும் கடிதம். போலீசுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பதில் தர நாள் குறித்திருப்பார்கள். அந்த நாளுக்குள் ஒரு பக்கப் பதிலும் அதற்கான சான்றும் போக வேண்டும். பதிலே போகவில்லை என்றால் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டதாகத்தான் குழு எடுத்துக்கொள்ளும்.

பணம்: முதல் எட்டு வாரம்

கட்டணம்தான் பிள்ளைகளை வீழ்த்துகிறது என்பது பொதுவான எண்ணம். அரசாங்கக் கல்விக்கூடங்களில் அப்படி இல்லை. பாலிடெக்னிக்கின் கல்விக் கட்டணம் பல ஆண்டுகளாக செமஸ்டருக்கு 200 ரிங்கிட். சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 12 வெள்ளி (ரிங்கிட்) என்று சிக்கனமாகப் போட்டாலும் 17 வாரத்துக்கு 1,428 வெள்ளி. கட்டணத்தைப் போல் ஏழு மடங்கு. பெட்ரோல், டேட்டா, பிரிண்ட் எல்லாம் இதில் இல்லை.

பி.டி.பி.டி.என். விண்ணப்பம், ஒப்புதல், ஒப்பந்தம், கல்லூரி பதிவை உறுதிசெய்வது என்று படிப்படியாகப் போகிறது. ஒரு படியில் காகிதம் குறைந்தால் அங்கேயே நிற்கும். முதல் தவணை வர பல வாரம் ஆவது இயல்பு. எட்டு வாரத்துக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் 672 வெள்ளி கையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டால் அதிர்ச்சி இருக்காது. இதற்கான வழிகள்:

1. முன்பணம். பொது உயர்கல்விக்கூடத்தில் இடம் கிடைத்த குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு பி.டி.பி.டி.என். 1,500 ரிங்கிட் முன்பணம் தருகிறது. இது தனி உதவி அல்ல. கடனிலிருந்தே பின்னர் கழித்துக்கொள்வார்கள். இடம் கிடைத்ததும், பதிவு நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டியது. பதிவு நாளன்று போய்க் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

2. எஸ்.எஸ்.பி.என். கணக்கு. கடன் விண்ணப்பத்துக்கு இந்தச் சேமிப்புக் கணக்கு முன்நிபந்தனை. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதும் ஆண்டிலேயே திறந்து வைத்துவிடலாம்.

3. வருமானச் சான்று. தோட்டத்தில் மாதச் சம்பளம் வாங்குபவருக்கு ஆபீசில் கிராணியிடம் (எழுத்தர்) சம்பளச் சீட்டு கிடைக்கும். லோரி ஓட்டுபவர், புல் வெட்டக் குத்தகை எடுப்பவர், வீட்டில் பலகாரம் செய்து விற்பவர் போன்றோருக்குச் சீட்டு இருக்காது. அவர்களுக்கு வருமான உறுதிக் கடிதமோ, சத்தியப் பிரமாணமோ வேண்டும். கடன் தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது என்பதால் இங்கே வாயில் வந்த எண்ணை எழுதக் கூடாது. எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவிக்குக் கொடுத்த வருமானமும் இதில் எழுதுவதும் முரண்பட்டால் விண்ணப்பம் கேள்வியோடு திரும்பி வரும்.

4. கல்லூரியின் சொந்த நல நிதி. எச்.இ.பி.யில் கேளுங்கள். தொகை சிறியதுதான். வெள்ளம், தீ, சம்பாதிப்பவரின் மரணம் போன்றவற்றுக்கு விரைவில் கிடைக்கும்.

5. மித்ரா, எம்.ஐ.இ.டி. இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ரா அவ்வப்போது இந்திய மாணவர்களுக்கான உதவிகளை அறிவிக்கிறது, ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் தருகிறது. இரண்டிலும் விண்ணப்பக் காலம் குறுகியது, பணம் வரும் காலம் நீளமானது. இவற்றை நம்பி முதல் எட்டு வாரத்தைத் திட்டமிட வேண்டாம்.

மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருப்போருக்கு உயர்கல்வி அமைச்சின் தனி உதவி உண்டு. மாதம் 300 ரிங்கிட் கைச்செலவுப் பணமும் அதில் அடக்கம். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் அந்த அட்டைக்குத் தகுதி பெறும் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

தனியார் கல்லூரிக்குப் போகிறவர் பணம் கட்டுவதற்கு முன் எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, அந்த டிப்ளோமாவின் பெயர் இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குக் கடனும் கிடைக்காது, சான்றிதழும் உதவாது.

கேட்பது எப்படி

உதவி கிடைக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் கேட்கும் விதம். "டாக்டர், எனக்குக் கொஞ்சம் பிரச்சினை, உதவி செய்ய முடியுமா?" என்று இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் போகும் செய்திக்கு என்ன பதில் எழுதுவது என்று விரிவுரையாளருக்கே தெரியாது. அவரிடம் அப்படி முந்நூறு பேர் படிக்கலாம். வேலை செய்யும் செய்தியில் நான்கு தகவல் இருக்கும்:

1. முழுப் பெயர், மெட்ரிக் எண் (மாணவர் பதிவு எண்), பாடக் குறியீடு, எந்த செக்‌ஷன்.

2. என்ன நடந்தது, எந்தத் தேதியிலிருந்து. இரண்டு வரி போதும்.

3. வேண்டியது என்ன. "இடுபணி 2-ஐ வரும் வெள்ளிக்குப் பதில் அடுத்த புதன் கொடுக்க அனுமதி வேண்டும்" என்று தேதியோடு.

4. இணைப்பு: எம்.சி., சம்பளச் சீட்டு, கடிதம், எது இருக்கிறதோ அது.

இதை மலாயிலோ ஆங்கிலத்திலோ மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, மறுநாள் அலுவலக நேரத்தில் நேரில் போக வேண்டும். மலாயில் எழுதினால் "துவான்", "புவான்" என்ற விளியோடும், டாக்டர், பேராசிரியர் பட்டம் இருந்தால் அதோடும் தொடங்குங்கள். நேரில் பேசி முடித்ததும் "இன்று பேசியபடி புதன்கிழமை கொடுக்கிறேன், நன்றி" என்று இன்னொரு மின்னஞ்சல். வாய்ப்பேச்சு காகிதமாவது இந்த ஒரு வரியில்தான். பின்னால் வேறொரு மேசையில் ஆதாரம் கேட்டால் காட்டுவதற்கு இது இருக்கும்.

அப்பா நேரில் போய் ஆபீசில் சத்தம் போடுவதால் பெரும்பாலும் பயனில்லை. பதினெட்டு வயது தாண்டிய மாணவரின் விவரத்தை அவர் ஒப்புதல் இல்லாமல் பெற்றோரிடம் சொல்ல அலுவலகங்கள் தயங்கும். பிள்ளையோடு சேர்ந்து போகலாம், பேச வேண்டியது பிள்ளை.

தமிழ்ப் பேரவை, இந்தியப் பண்பாட்டுக் கழகம் போன்ற சங்கங்களின் சீனியர்கள் பெரிய துணை. எந்த விரிவுரையாளர் எப்போது அறையில் இருப்பார், எந்தக் கடையில் ஐந்து வெள்ளிக்குச் சோறு கிடைக்கும், பழைய நூல் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. விதிமுறையை மட்டும் அவர்கள் வாயால் கேட்டு முடிவு செய்யாதீர்கள். சேர்ந்த ஆண்டைப் பொறுத்து விதி மாறும்; அவர்களுக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

கவுன்சலரிடம் போனால் என்ன ஆகும்

"மென்டல்னு எழுதிடுவாங்க, அப்புறம் வேலை கிடைக்காது" என்ற பயம் தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கிறது. கவுன்சலிங் போனது தேர்வுப் புள்ளிப் பட்டியலில் வராது, சான்றிதழில் வராது. மலேசியாவில் கவுன்சலர் 1998-ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். சொன்னதை வெளியே சொல்லாதிருப்பது அவர் தொழிலின் விதி. விலக்கு ஒன்று உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். முதல் சந்திப்பிலேயே இதை விளக்குவார்.

ஒரு சந்திப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம். புள்ளியை மாற்றவோ கடனை விடுவிக்கவோ கவுன்சலரால் முடியாது. ஆனால் தூக்கமின்மை, பதற்றம், வீட்டில் குடி, அடிதடி போன்ற காரணங்களால் படிப்பு பாதிக்கப்பட்டிருந்தால் அவர் எழுதும் ஆதரவுக் கடிதம் செமஸ்டர் தள்ளிவைப்புக்கும் விளக்கக் கடிதத்துக்கும் பெரிய பலம். மருந்து தேவைப்பட்டால் அரசாங்க கிளினிக் வழியாக மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். நிபுணரைப் பார்க்கக் கட்டணம் 5 ரிங்கிட்.

தமிழில் பேசினால்தான் மனது திறக்கும் என்றால் முன்பதிவின்போதே தமிழ் தெரிந்த கவுன்சலர் உண்டா என்று கேளுங்கள். இரவில், விடுமுறையில் பேச ஆள் வேண்டுமானால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 எந்நேரமும் இயங்கும். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, குடும்ப வன்முறைக்கும் மற்ற அவசரத்துக்கும் தாலியான் காசிஹ் 15999. தற்கொலைக்கு முயல்வது 2023 முதல் மலேசியாவில் குற்றமில்லை. கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருப்பதற்கு இப்போது காரணமே இல்லை.

தள்ளிவைப்பதும் காணாமல் போவதும்

எல்லாம் கைமீறிய நிலையில் பிள்ளைகள் செய்வது, பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிடுவது. இதைவிடக் கெடுதலான முடிவு வேறில்லை. முதல் செமஸ்டரில் 16 கிரெடிட்டுக்கு 2.90 வாங்கிய நல்ல மாணவர், இரண்டாவதில் இப்படிப் போனால் 16 கிரெடிட்டுக்கும் எஃப். 46.4 புள்ளியை 32-ஆல் வகுக்க 1.45. ஒரே செமஸ்டரில் நிறுத்தப்படும் நிலைக்கு வந்துவிடுகிறார். அதோடு வாங்கிய கடன் நிற்கும்; படிப்பை முடிக்கவில்லை என்பதற்காக அது தள்ளுபடியாவதில்லை.

"பெனாங்குஹான்", அதாவது முறைப்படி செமஸ்டரைத் தள்ளிவைத்தால் அந்தப் பாடங்கள் எஃப் ஆகாது. செய்ய வேண்டியவை:

1. அகாடெமிக் பிரிவில் பாரம் வாங்கி, காரணத்தோடும் சான்றோடும் பி.ஏ.விடம் கையெழுத்து. இதற்கும் கடைசி வாரம் உண்டு. மருத்துவக் காரணத்துக்கு மட்டும் சற்று இளக்கம் இருக்கும்.

2. ஒப்புதல் கடிதம் கையில் வரும்வரை வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். விண்ணப்பித்ததே ஒப்புதல் என்று நினைத்து வீட்டுக்கு வந்தவர்கள், மனு நிராகரிக்கப்பட்டு, வருகையும் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

3. விடுதி அறையை முறைப்படி ஒப்படைப்பது. இல்லையென்றால் வாடகை ஓடும்.

4. பி.டி.பி.டி.என்.னுக்குத் தெரிவிப்பது. தள்ளிவைத்த செமஸ்டருக்குப் பணம் வராது. வந்துவிட்டால் அதைத் தொடாமல் வைத்துக்கொண்டு கல்லூரியின் பி.டி.பி.டி.என். அதிகாரியிடம் கேட்க வேண்டும்.

5. திரும்பும் செமஸ்டரின் பதிவுத் தேதி. நினைவூட்டல் மாணவர் மின்னஞ்சலுக்குத்தான் வரும், வீட்டுக்கு வராது. தள்ளிவைத்த காலத்திலும் அந்த மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதிவு முடிந்த அதே வாரம் எச்.இ.பி.க்குப் போய், கடனை மறுபடி ஓட வைக்கும்படி கேட்டால்தான் தவணை தொடரும். தானாகத் தொடங்கும் என்று காத்திருந்தால் முதல் எட்டு வாரப் பட்டினி மறுபடியும் வரும்.